நெடுநாள் நிறுத்திவைத்த மோட்டார் வண்டி: சிலிண்டர் ஹெட்டைச் சீர்ப்படுத்தும் முறை

மதுரை நகரிலும், மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் முதலிய சுற்றூர்களிலும், ஒரு காலத்தில் கலியாணத்திற்கும் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் ஓடியுழைத்த அம்பாஸடர் வண்டிகள் சில, இன்று கொட்டகைகளில் அசைவற்று நிற்கின்றன. மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் ஆங்கிலேய வண்டியின் மாதிரியைத் தழுவி, வங்காளத்து உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார் இவற்றைச் செய்துவந்தனர். 2014-ம் வருஷம் மே மாதத்தில் அவ்வேலை நின்றுவிட்டது. ஆகவே இவ்வண்டியின் பெரிய வார்ப்பு உறுப்பு ஒன்று கெடுமாயின், அதனிடத்தில் வைக்கப் புதியது செய்வாரில்லை. வேறொரு பழைய வண்டியிலிருந்தே எடுத்தாகவேண்டும்.

இப்பக்கத்து இளைஞருக்கு மோட்டார் வேலை புதிதன்று. டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1912-ல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் நடத்தத் தொடங்கினார். அவரது ஸ்தாபனம் பின்னர் மதுரையையே தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்தது. 1972-ல் அந்த பஸ்கள் சர்க்கார் வசமாகி, மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் ஏற்பட்டது. பட்டறைத் தொழில் வேரூன்றிய இந்நகரைச் சூழ்ந்த கிராமங்களில், பழைய வண்டியைப் பழுது பார்ப்பது நல்ல ஜீவனோபாயமாகலாம். ஆனால் நெடுநாள் நின்ற எஞ்சினில் அவசரப்பட்டுக் கை வைப்பதால், திருத்தக்கூடியதும் திருத்தமுடியாததாகிவிடும். அளந்த பின்னரே உலோகத்தை வெட்ட வேண்டும் என்பதே இப்பாடத்தின் சாரம்.

1. ஹெட்டின் அமைப்பும் வேலையும்

சிலிண்டர்களின் மேல் மூடியாக அமைந்த கனத்த வார்ப்பே ஹெட் எனப்படும். பெட்ரோலும் காற்றும் கலந்து எரியும் அறைகள், அக்கலவை உட்செல்லும் வழி, எரிந்த புகை வெளிச்செல்லும் வழி, அவ்வழிகளைத் திறந்து மூடும் வால்வுகள், சூட்டைத் தணிக்கும் தண்ணீர் ஓடும் வழிகள் ஆகிய யாவும் இதனுள் அடங்கியுள்ளன. நெருப்பும் நீரும் எண்ணெயும் ஒரு விரற்கடை தூரத்தில் ஒன்றையொன்று தீண்டாமல் இயங்குமிடம் இது. அவற்றைப் பிரித்துவைப்பது, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவேயுள்ள மெல்லிய கேஸ்கெட்டேயாகும்.

அம்பாஸடருக்கு 1959 முதல் பொருத்தப்பட்ட 1,489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சினில், பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பினாலானவை. வால்வுகள் எட்டும் ஹெட்டில் தொங்குகின்றன. கீழேயுள்ள காம் தண்டிலிருந்து புஷ் ராடுகளும் ராக்கர்களும் அவற்றை இயக்குகின்றன. பிரீமியர் பத்மினி வண்டியிலோ பிளாக் வார்ப்பிரும்பாயினும், ஹெட் அலுமினியத்தாலானது. இவ்வேற்றுமை மறக்கற்பாலதன்று, இரும்புக்கு ஏற்ற மருந்து அலுமினியத்துக்கு நஞ்சாகும் சந்தர்ப்பங்கள் உண்டு.

2. சும்மா நிற்பதால் விளையும் கேடு

ஓடாத எஞ்சின் தேயாது என்பது பலருடைய எண்ணம். உண்மை வேறு. நாலு சிலிண்டர் எஞ்சின் எந்நிலையில் நின்றாலும், ஏதேனும் ஒரு வால்வேனும் திறந்தே இருக்கும். அத்திறந்த வழியாக ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்து ஈரக்காற்று கார்புரேட்டர் மூலமாகவோ புகைக்குழாய் மூலமாகவோ உட்புகுந்து, அச்சிலிண்டரின் சுவரிலும் வால்வின் தண்டிலும் துருவை உண்டாக்கும். மற்ற மூன்றும் பளபளப்பாயிருக்க, ஒன்று மட்டும் இறுகிப் போவதன் காரணம் இதுவே.

இரண்டாவது கேடு தண்ணீரால் வருவது. இப்பக்கத்துப் பாறைநிலத்து ஆழ்குழாய்க் கிணறுகள் பலவற்றின் நீர் கடினநீர். கொதிக்கும் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு ஏற்படுவதுபோலவே, ரேடியேட்டரில் அந்நீரை ஊற்றி ஓட்டிய எஞ்சினின் நீர்வழிகளிலும் சுண்ணப் படிவு ஏற்படும். அப்படிவு சூட்டை எளிதிற் கடத்தாது. துருச் சேறும் அதனோடு சேர்ந்து பிளாக்கின் அடிப்பாகத்தில் தங்கும். வால்வுகளைச் சுற்றியுள்ள இடம் இதனால் அளவுக்கு மீறிச் சூடேறி, வால்வு ஸீட்டுகளுக்கு இடைப்பட்ட குறுகிய பாலத்தில் வெடிப்புக் காணும்.

மூன்றாவது, எலியும் அணிலும் ஏர் கிளீனருக்குள் கட்டும் கூடு. அற்பமெனத் தோன்றினும், கூட்டிலிருந்த நார் ஒன்று வால்வின் கீழ் அகப்பட்டால் அவ்வால்வு மூடாது.

3. கழற்றுவதற்கு முன்

பாட்டரியைப் புதுப்பித்து ஸ்டார்ட்டரை அழுத்திப் பார்ப்பது பலர் முதலிற் செய்யும் காரியம். அதனை அறவே விலக்க வேண்டும். கைடில் இறுகிய வால்வைப் பலவந்தமாகத் தள்ளினால் புஷ் ராட் வளையும். துருப்பிடித்த சிலிண்டரில் பிஸ்டன் ரிங் முறியும்.

முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, மண்ணெண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் சமபாகமாகக் கலந்து, ஒவ்வொரு துவாரத்திலும் சிறிதளவு ஊற்றிச் சில நாட்கள் விட்டுவைத்தல் வேண்டும். ராக்கர் மூடியைத் திறந்து, வால்வுத் தண்டுகளிலும் அவ்வெண்ணெயைச் சொட்ட விடுக. பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, ஸ்டார்ட்டிங் ஹாண்டிலினால் முன்னும் பின்னும் மெல்ல அசைக்க வேண்டும். ஒருவர் இவ்வாறு அசைக்கும்போது, மற்றொருவர் வால்வுகளை நோக்கியிருப்பது நலம். கீழிறங்கிய வால்வு திரும்ப மேலெழாவிடில் உடனே நிறுத்திவிடுக.

4. ஹெட்டைக் கழற்றுதல்

எஞ்சின் முற்றிலும் குளிர்ந்திருக்கையில் தண்ணீரை வடித்துவிட வேண்டும். மானிபோல்டு, கார்புரேட்டர், நீர்க்குழாய்களை நீக்கிய பின் ராக்கர் தொகுதியைக் கழற்றலாம். இங்கே கவனிக்கத்தக்க விஷயம் ஒன்று உண்டு. இவ்வகை எஞ்சினில் ராக்கர் தாங்கிகளைப் பிடிக்கும் நட்டுகளுட் சில, ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. ஆகையால் அவற்றை மட்டும் தளர்த்தினால் ஹெட் ஒருபுறம் இழுபட்டுக் கோணும். எல்லா நட்டுகளையும், இறுக்கும் வரிசைக்கு எதிர்வரிசையில், சிறிது சிறிதாகத் தளர்த்துவதே முறை.

புஷ் ராடுகளை எடுக்கும்போது சற்றே திருகி எடுக்க வேண்டும். இல்லையேல் எண்ணெய்ப் பசையால் டாப்பெட்டும் கூடவே எழும். ஓர் அட்டையில் எட்டுத் துளைகளிட்டு, ஒன்று முதல் எட்டு வரை எண் எழுதி, அவ்வரிசையிலேயே செருகிவைக்க வேண்டும். வால்வுகளுக்கும் இதுவே விதி. ஒன்றோடொன்று பழகித் தேய்ந்த உறுப்புகள் இடம் மாறலாகாது.

ஹெட் ஒட்டிக்கொண்டிருந்தால் உளியையோ ஸ்க்ரூ டிரைவரையோ இடையிற் செலுத்துவது பெரும் பிழையாகும். அதனாலேற்படும் வடு வழியே பின்னர் தண்ணீர் கசியும். ஸ்டட்டுகளைச் சுற்றித் துரு நீக்கும் எண்ணெயை விட்டு ஒரு நாள் பொறுத்து, பக்கங்களில் மரக்கட்டையை அணைத்து மெதுவாகத் தட்டினால் இரும்பு ஹெட் விடும். அலுமினிய ஹெட்டுக்கு இன்னும் அதிகப் பொறுமை வேண்டும். இரும்பு ஸ்டட்டைச் சுற்றி அலுமினியம் அரித்துப் பூத்து இறுகியிருக்கும்.

5. சுத்தம் செய்தலும் தற்காப்பும்

எரியறையிலுள்ள கரியைச் சுரண்ட, இரும்பு ஹெட்டுக்கு மழுங்கிய தகடும், அலுமினியத்துக்கு மரத்துண்டும் போதும். இரும்பை மட்டுமே காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைக்கலாம். அலுமினியத்தை அது தின்றுவிடும். நீர்வழியிலுள்ள சுண்ணப் படிவைப் போக்க அமிலம் சேர்ந்த மருந்துகளை உபயோகிப்பதும் இரும்புக்கே, அதுவும் அனுபவமுள்ள பட்டறையிலேயே தகும்.

வேலை செய்வோரின் சுகம் வண்டியினும் பெரிது. 2000-ம் வருஷத்துக்கு முன் ஓடிய எஞ்சினின் கரியில் ஈயம் கலந்திருக்கும். பழைய செம்புக் கேஸ்கெட்டுகளின் நடுவில் கல்நார் இருக்கலாம். அதன் தூள் நுரையீரலுக்குப் பெருந்தீங்கு செய்வது. ஆதலால் இவற்றை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்ப்பதும், காற்றுக் குழாயால் ஊதுவதும் கூடா. மண்ணெண்ணெயாலோ நீராலோ நனைத்துச் சுரண்டி, கழிவைப் பையிற் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். கை கழுவாமல் உண்ணலாகாது; அவ்வுடையோடு குழந்தைகளைத் தூக்குவதும் கூடாது.

6. சோதனையும் அளவும்

சுத்தமான ஹெட்டில் முதலில் வெடிப்பைத் தேட வேண்டும். வால்வு ஸீட்டுகளின் நடுப்பாலத்தில் மண்ணெண்ணெயைத் தடவிச் சில நிமிஷம் கழித்து நன்றாகத் துடைத்துவிட்டு, சுண்ணாம்புக்கட்டியைப் பூசுக. வெடிப்பிருந்தால், உள்ளே புகுந்த மண்ணெண்ணெய் வெளிவந்து வெண்மையின்மேல் கருங்கோடாகத் தெரியும். இது மேற்பரப்பைக் காட்டும் சோதனை மட்டுமே. நீர்வழித் துவாரங்களை அடைத்து, காற்றை ஏற்றி, வெந்நீரில் அமிழ்த்திக் குமிழி வருகிறதாவென்று பார்க்கும் சோதனையைப் பெரிய பட்டறையிற் செய்வித்தல் அவசியம். வெடித்த ஹெட்டுக்கு மற்ற வேலைகளைச் செய்து பணத்தைச் செலவழித்தபின் இது தெரியவருமாயின், அச்செலவு வீண்.

அடுத்தது தட்டைத்தன்மை. நேர்விளிம்புள்ள எஃகுச் சட்டத்தை ஹெட்டின் முகத்தில் நீளவாட்டில் இரு ஓரங்களிலும், அகலவாட்டில் இரு முனைகளிலும், குறுக்காக மூலைக்கு மூலை இரண்டு வழியிலும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் இலை நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். 0.05 மில்லிமீட்டர் இலை எங்கும் நுழையாவிடில் முகம் செவ்வையாயுள்ளது. 0.10 மில்லிமீட்டர் இலை தாராளமாக நுழையுமாயின் சமப்படுத்துதல் தேவை. செய்தவர்களின் கைநூலில் வேறு அளவு குறிக்கப்பட்டிருந்தால் அதையே கொள்க. பிளாக்கின் முகத்தையும் இவ்வாறே பார்க்க வேண்டும். ஹெட்டை மட்டும் அளந்து பிளாக்கை மறப்பது பாதி வேலையேயாகும்.

7. முகம் சீவுதல்

பட்டறைக்காரர் 'ஃபேஸிங்' என்று சொல்லும் இவ்வேலையை, வந்த ஹெட்டுக்கெல்லாம் வழக்கமாகச் செய்துவிடுவோர் உண்டு. சீவிய இரும்பு திரும்பாது. முன்னர் இரண்டு மூன்று முறை சீவப்பட்ட ஹெட்டாயின், இம்முறை சீவுவதே அதன் கடைசி முறையாகலாம்.

சீவுவதன் பலனைக் கணக்கால் அறியலாம். 1,489 கன சென்டிமீட்டர் எஞ்சினில் ஒரு சிலிண்டரின் பங்கு ஏறக்குறைய 372. எரியும் இடத்தின் முழுக் கொள்ளளவு 60 என்று வைத்துக்கொண்டால், 372-ஐயும் 60-ஐயும் கூட்டி 60-ஆல் வகுக்க 7.2 வரும். இதுவே அழுத்த விகிதம். ஒரு மில்லிமீட்டர் சீவியதால் கொள்ளளவு 3 குறைந்து 57 ஆயிற்றெனில், விகிதம் 7.5-க்கு மேற்போகும். கால் மில்லிமீட்டருக்கு மாறுதல் சொற்பம்; பலமுறை சீவினால் மாறுதல் சேர்ந்துகொண்டே போகும். அளவு மீறினால், ஏற்றத்தில் பாரத்தோடு போகையில் எஞ்சின் தட்டும், சூடும் மிகும். ஆகையால் வளைவு மறையும் வரை மட்டும் சீவச்சொல்லி, எடுத்த கனத்தை ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்த தடவை வேலை செய்பவருக்கு அக்குறிப்பு உதவும்.

8. வால்வு, கைடு, ஸீட்டு

இவற்றுள் முதலில் பார்க்கத்தக்கது கைடு. வால்வைச் சிறிது உயர்த்திப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் மிகுதியாயிருக்குமாயின், கைடோ தண்டோ தேய்ந்துள்ளது. ஸீட்டை வெட்டும் கருவி கைடின் துவாரத்தையே மையமாகக் கொண்டு சுழல்வதால், தேய்ந்த கைடை வைத்துக்கொண்டு ஸீட்டை வெட்டினால் அது மையந்தப்பும். கைடை மாற்றிய பின்னரே ஸீட்டு வேலை என்பதை மறக்கலாகாது.

வால்வு முகமும் ஸீட்டும் 45 பாகைச் சரிவில் அமைந்தவை. புகைவால்வு நெருப்பிலேயே நிற்பது. அது தன் சூட்டில் பெரும்பகுதியை ஸீட்டின் மூலமே ஹெட்டுக்குக் கடத்துகிறது. ஸீட்டின் தொடுமிடம் மிகவும் குறுகினால் சூடு இறங்காது. மிகவும் அகன்றால் கரி அகப்பட்டு வால்வு சரியாக மூடாது. உள்வால்வுக்கு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டரும், புகைவால்வுக்கு அதனிலும் சற்று மிகுதியும் பொதுவாக ஏற்றவை.

சிறு புள்ளிகளே உள்ளனவாயின் வெட்டவே தேவையில்லை. பேஸ்டு போட்டு, ரப்பர்க் கிண்ணக் குச்சியால் இப்புறமும் அப்புறமும் உரசி, இடையிடையே வால்வைத் தூக்கித் திருப்பி வைத்து, சுற்றிலும் அறுபடாத மங்கிய வளையம் தோன்றும் வரை செய்தால் போதும். பிறகு பேஸ்டு முழுவதையும் கழுவிவிட வேண்டும். அதில் எஞ்சிய துகள் எஞ்சினையே அரைத்துவிடும். ஸ்பிரிங்குகளை மாட்டியபின் எரியறையில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்க்க, வால்வு வழியே கசியாவிடில் வேலை சரி.

ஸ்பிரிங்குகளை அருகருகே நிறுத்தி உயரம் ஒப்பிடுக. குள்ளமானதையும் துருப்பள்ளம் விழுந்ததையும் தள்ளிவிடுக. ராக்கர் தண்டின் எண்ணெய்த் துவாரங்கள் பெரும்பாலும் கெட்டியான சேற்றால் அடைபட்டிருக்கும். கம்பியால் குத்திக் கழுவ வேண்டும்.

9. ஈயமில்லாத பெட்ரோலும் பழைய ஸீட்டும்

2000-ம் வருஷம் பிப்ரவரி முதல் தேதியிலிருந்து நாடெங்கும் ஈயம் கலவாத பெட்ரோலே விற்கப்படுகிறது. அது ஜனங்களின் சுகத்திற்கு மிக்க நன்மை. ஆயின் முற்காலத்தில் அவ்வீயமே வால்வுக்கும் ஸீட்டுக்கும் நடுவில் மெல்லிய காப்பாக நின்றது. வார்ப்பிரும்பிலேயே வெட்டப்பட்ட புகைவால்வு ஸீட்டு, அக்காப்பின்றி நெடுந்தூரம் வேகமாக ஓடினால் தேய்ந்து உள்வாங்கும். வால்வு மேலேற, டாப்பெட் இடைவெளி குறையும். இடைவெளி அற்றால் வால்வு மூடாமல் கருகும்.

இதற்குப் பரிகாரமாகக் கடின உலோக வளையங்களைப் பதிக்கலாம். ஆனால் அதற்காகக் குடையும்போது நீர்வழியில் துளை விழும் அபாயமுண்டு. வண்டி திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் மட்டும் ஓடுவதாயின், நல்ல நிலையிலுள்ள ஸீட்டைக் குடையாமல் விட்டு, இடைவெளியை அடிக்கடி சரிபார்த்துவருவதே சிக்கனமும் விவேகமுமாம். தினந்தோறும் நெடுந்தூரம் ஓடும் வண்டிக்கும், ஏற்கனவே ஸீட்டு உள்வாங்கிய ஹெட்டுக்கும் வளையம் தகும். அலுமினிய ஹெட்டில் ஸீட்டு வளையங்கள் முதலிலேயே பதிக்கப்பட்டிருக்கும். அவை தளர்ந்தனவா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

10. பூட்டுதல்

பழைய கேஸ்கெட்டை எக்காரணத்தாலும் மறுபடி போடலாகாது. புதியதில் மேற்புறம், முன்புறம் என்று குறியிருப்பின் அதன்படி வைத்து, நீர்த் துவாரமும் எண்ணெய்த் துவாரமும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். முகங்கள் இரண்டும் உலர்ந்து சுத்தமாயிருத்தல் அவசியம். நட்டுகளை நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி, கைநூலில் கண்ட வரிசைப்படி, டார்க் ரெஞ்சினால் மூன்று தவணைகளில் இறுக்க வேண்டும். கை உத்தேசம் இங்கு உதவாது.

டாப்பெட் இடைவெளி வைக்க எளிய வாய்ப்பாடு ஒன்றுண்டு. வால்வுகளுக்கு முன்னிருந்து ஒன்று முதல் எட்டு வரை எண்ணிட்டு, முழுவதும் திறந்துள்ள வால்வின் எண்ணை ஒன்பதிலிருந்து கழித்தால், அப்போது சரிசெய்ய வேண்டிய வால்வின் எண் வரும். எட்டாவது திறந்திருக்கையில் ஒன்றாவது. ஐந்தாவது திறந்திருக்கையில் நாலாவது. இடைவெளியின் அளவையும், அது சூட்டிலா குளிர்ந்த நிலையிலா பார்க்கத்தக்கது என்பதையும் கைநூலே சொல்லும்.

11. முதல் ஓட்டம்

பழைய பெட்ரோலையும் பழைய எண்ணெயையும் முழுவதும் வடித்துவிட வேண்டும். பிளக்குகளின்றி ஸ்டார்ட்டரால் சுற்றி, எண்ணெய் அழுத்தம் ஏறியபின் பிளக்குகளைப் போடுக. ரேடியேட்டரில் ஆழ்குழாய் நீருக்குப் பதிலாக, தாது நீக்கிய நீரும் கூலன்டும் கலந்து ஊற்றுக. இப்பக்கத்தில் நீர் உறையும் பயம் இல்லையெனினும், கூலன்டு துருவைத் தடுக்கும். அது இனிப்பான நஞ்சு. கன்றுகாலிகளும் நாயும் நக்கினால் இறக்கும். வடித்த கூலன்டைத் தொட்டியருகிலோ வாய்க்காலிலோ கொட்டலாகாது.

எஞ்சின் சூடேறும்போது ரேடியேட்டரில் இடைவிடாது குமிழி வருமானால், கேஸ்கெட்டோ ஹெட்டோ புகையை விடுகிறது. எண்ணெய் பாலைப்போல் வெளுத்தால், தண்ணீர் கலந்துவிட்டது. இரண்டில் எது கண்டாலும் உடனே நிறுத்த வேண்டும். குறையில்லாவிடில், ஆறவிட்டுக் கைநூலிற் கண்டவாறு நட்டுகளையும் இடைவெளியையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

12. மீண்டும் நிறுத்திவைக்க நேர்ந்தால்

தற்காலத்துப் பெட்ரோலில் எத்தனால் சேர்க்கப்படுகிறது. 2025-ம் வருஷத்தில் அதன் பங்கு நூற்றுக்கு 20 ஆயிற்று. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மையது. நெடுநாள் நின்றால் நீர் பிரிந்து டாங்கியின் அடியிலும் கார்புரேட்டரிலும் தங்கி அரிக்கும். பழைய ரப்பர்க் குழாய்களையும் ஊறச் செய்யும். ஆதலால் குழாய்களை எத்தனாலுக்கு ஏற்றவையாக மாற்றி, நிறுத்துமுன் பெட்ரோலை வடித்துவிடுக. எஞ்சின் எண்ணெயைப் புதிதாக மாற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, ஏர் கிளீனர் வாயையும் புகைக்குழாயையும் எண்ணெய்த் துணியால் அடைக்க வேண்டும். அடைத்ததை ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங்கில் கட்டிவைத்தால், பின்வருபவர் மறந்து ஸ்டார்ட் செய்யமாட்டார். மாதம் ஒருமுறை பிளக்குகளைக் கழற்றிக் கையால் சில சுற்றுச் சுற்றி, முன்னின்றதற்கு வேறான நிலையில் நிறுத்திவைத்தால், ஒரே வால்வு எப்போதும் திறந்திராது.